இடியப்ப மோட்டாருக்கு ஓர் ஆயில் கூலர்

இடியப்பம் விற்கிற மோட்டார் வேகமாக ஓடாது, கண்ணுகளா. அதற்கு வந்த நோயே அதுதான்.

ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடிகளுக்குக் கீழே பழனியப்பன் தன் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளை ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டுவார். ஹாரனை அமுக்குவார், நிற்பார், இன்ஜினை மட்டும் அணைக்க மாட்டார். அணைத்தால் மறுபடி உதைக்க வேண்டும், முட்டி கேட்காது. பின்பெட்டியில் மனைவி நல்லம்மாள் பிழிந்து அவித்த இடியப்பமும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் இருக்கும். காற்றுப் பட்டுக் குளிர வேண்டிய இன்ஜின் அது. காற்றில்லாமல் காலையெல்லாம் உறுமி, ஒரு நாள் மாடிப்படி ஓரமாக நின்றேவிட்டது. அன்றைக்கு அந்த அடுக்குமாடியே ஜெயராஜிடம் வாங்கிக்கொண்டது. ஜெயராஜ் புது மோட்டாரில் வருகிற இன்னொரு இடியப்பக்காரன்.

“இன்னும் ரெண்டு தடவ நின்னுச்சுன்னா நம்ம எடம் அவனுக்குப் போயிரும்” என்றார் பழனியப்பன். வேறு வேலைக்கு யாரும் கூப்பிடாத வயது. அந்தச் சுற்றுதான் அவர்களுக்குச் சோறு.

டத்தோ கெராமாட் சாலைக்குப் பின்சந்தில் கமாலுதீன் மோட்டார் பட்டறை வைத்திருந்தான். நல்ல பழக்கம். அவன் மகள் ஹனாவின் கல்யாணத்துக்கு நல்லம்மாள்தான் இடியப்பம் அவித்துக் கொடுத்தாள்.

“புது மோட்டார் வாங்குங்கண்ணே.”

“நீ வாங்கிக் குடு பாய், ஓட்டுறேன்.”

“அப்ப ஆயில் கூலர் போட்டுப் பாப்போம்லா.”

உள்ளங்கை அகலத்தில், தகடு தகடாக ஒரு சின்னப் பெட்டி. அதை இன்ஜினுக்கு முன்னால் பொருத்தினான். சூடான எண்ணெய் அதற்குள் போக ஒரு ரப்பர் ஹோஸ், ஆறித் திரும்பி வர இன்னொன்று. கைப்பிடியை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்து, எதிலும் உரசாதபடி ஹோஸை வளைத்துக் கட்டினான். இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தி, குறைந்த எண்ணெயை ஊற்றி நிரப்பினான்.

“ஹோஸ் ரப்பருண்ணே. எது உரசினாலும் அறுத்துடும், பாத்துக்குங்க. மத்தபடி நீங்க போற வரைக்கும் ஓடும்.”

“நான் போறதா, மோட்டார் போறதா?”

“யாரு முந்துறாங்கன்னு பாப்போம்.”

புதுச் சாமான் ஒன்று வண்டியில் ஏறியிருக்கிறது. திருஷ்டி கழிக்காமல் விடுவாளா நல்லம்மாள்? எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்தாள். நூல் மழையில் அறுந்துவிடும் என்று மெல்லிய கம்பியில் கோத்தாள். முன்பக்கம் தொங்கவிட வாகான இடம் அந்த ஹோஸ்தான். கம்பியை அதில் இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கினாள். பழனியப்பன் பக்கத்தில்தான் நின்றார். ஒரு எலுமிச்சம்பழம் என்ன உரசிவிடப் போகிறது என்று இருந்துவிட்டார்.

மோட்டார் நிற்கவில்லை. காலை முழுக்க உறுமினாலும் சூடு அடங்கியே இருந்தது. ஒரு மாதம் அவர் ராஜா மாதிரி ஓட்டினார்.

பிறகு விற்பனை இறங்கியது. காரணம் யாரும் சொல்லவில்லை. ஹாரன் கேட்டு இறங்கி வருகிறவர்கள் கையை ஆட்டிவிட்டு மேலே போனார்கள். இடியப்பம் பெட்டியோடு வீடு திரும்பியது.

“எல்லாம் அந்த ஜெயராஜ் கண்ணு” என்றாள் நல்லம்மாள். “மோட்டார் நல்லா ஓடுதுல்ல, வயிறு எரியுது அவனுக்கு.”

வெள்ளிக்கிழமைதோறும் வாடிய பழத்தை அறுத்துப் போட்டுவிட்டுப் புதியது கட்டினாள். பழைய கம்பி அப்படியே இருக்க, அதன்மேல் புதுக்கம்பி ஏறியது. விற்பனை குறையக் குறையப் பழம் இரண்டாயிற்று.

கடைசியில் வாயைத் திறந்தது ரொஸ்னா. நெடுநாளாக வாங்குகிறவள்.

“கோவிச்சுக்காதீங்கண்ணே. உங்க இடியப்பத்துல மோட்டார் வாசம் அடிக்குது. பிள்ளைங்க வாயில வைக்க மாட்டேங்குதுங்க.”

பழனியப்பன் ஒன்றை எடுத்து முகர்ந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. காலையெல்லாம் அந்தப் புகையிலேயே உட்கார்ந்திருக்கிற மூக்கு. குனிந்து பார்த்தார். இன்ஜினுக்கு முன்னால் கறுப்பாகக் கசிந்து, சொட்டுச் சொட்டாகப் புகைக்குழாயில் விழுந்து தீய்ந்துகொண்டிருந்தது. நிற்கும்போதெல்லாம் புகை பின்பெட்டிக்கு ஏறியிருக்கிறது. தேங்காய்ப்பூ எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் அல்லவா?

நேரே பட்டறைக்குப் போனார். அங்கே நாலு பேர் வண்டிக்குக் காத்திருந்தார்கள்.

“என்னா மட்டமான சாமானடா மாட்டினே? என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டியே. உன் புள்ள கல்யாணத்துக்கு அவிச்சுக் குடுத்த கைக்கு இதானா மரியாதை?”

காத்திருந்தவர்கள் தலையைத் திருப்பினார்கள். ஒருவர் தன் மோட்டாரின் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“எறங்குங்கண்ணே” என்றான் கமாலுதீன்.

மண்டியிட்டுப் பார்த்தான். வெட்டுக்குறடு எடுத்து, ஹோஸில் முறுக்கியிருந்த கம்பியை வெட்டினான். எலுமிச்சம்பழங்களையும், துருவேறிய கம்பிச் சுருளையும் பழனியப்பன் கையில் வைத்தான். பிறகு ஹோஸைக் கழற்றிக் காட்டினான். கம்பி இருந்த இடத்தில் ரப்பர் சுற்றிலும் அறுபட்டு, உள்நூல் தெரிந்தது.

வேறு ஹோஸ் மாட்டினான், எண்ணெய் ஊற்றினான், ஓடவிட்டுப் பார்த்தான். மன்னிப்புக் கேட்கப் பழனியப்பன் வாயைத் திறந்தார். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய் மூடிக்கொண்டது.

“இனிமே வேற எடம் பாத்துக்குங்கண்ணே” என்றான் கமாலுதீன். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டான்.

வீட்டில் நல்லம்மாள் கேட்டாள். “என்னவாம்?”

இடியப்பம் பிழிகிற கட்டையை அழுத்தி அழுத்தி அவள் விரல்கள் நிமிராமல் போய்ப் பல காலம். அந்தக் கையைப் பார்த்து, நீ கட்டியதுதான் அறுத்தது என்று எப்படிச் சொல்வது? அது மட்டுமா? பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். அதையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்?

“ஹோஸ் மட்டம். மாத்திட்டான்.”

“பாத்தீங்களா! நம்ம கையால தின்னுட்டு” என்றாள் நல்லம்மாள். மறுநாள் கோயிலில் சொன்னாள், சந்தையில் சொன்னாள். கமாலுதீன் காதுக்கும் அது போயிருக்கும். அவன் எதுவும் கேட்டு வரவில்லை.

வாசனை போய்விட்டது. ஆட்கள் வரவில்லை. ரொஸ்னா ஒரு நாள் ஜெயராஜின் பொட்டலத்தோடு படியில் எதிர்ப்பட்டாள். முந்தானைக்குள் அதை மறைத்துக்கொண்டு, “நாளைக்கு வாங்கறண்ணே” என்றாள். நல்லம்மாள் இப்போது மாவைப் பாதியாகத்தான் பிசைகிறாள்.

வெள்ளிக்கிழமையானால் எலுமிச்சம்பழம் மட்டும் தவறுவதில்லை. அவள் ஹோஸில் கட்டி முறுக்குவதைப் பழனியப்பன் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சாலை முனைக்குப் போனதும் இறங்கிக் குறட்டால் வெட்டி, சாக்கடையில் போட்டுவிட்டு ஏறுகிறார்.