அப்பாவின் வலது பக்கம்

கறுப்பு இரும்பின் மேல் ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம், இன்னும் காயவில்லை, அரிவாள்மணைக்கும் வண்டிச் சாவிக்கும் நடுவே மணைப்பலகையில் சாமி மாதிரி உட்கார்ந்திருக்கிறது அவருடைய துப்பாக்கி, அதற்கு ஒரு துண்டு கதம்பம் வேறு, ஆயுத பூஜையாம், நினைத்தால் இப்போதும் அந்த மணையைத் தூக்கி எறியத் தோன்றுகிறது, என் வீட்டுக்காரர் தணிகாசலம் போலீஸ்காரர், ஒரு எம்.எல்.ஏ.வுக்குக் கன்மேனாக, துப்பாக்கியோடு கூடவே போகிற காவலாக இருந்தார், வலது இடுப்பில் அதைச் செருகி மேலே சஃபாரிச் சட்டையை இழுத்து விட்டுக்கொள்வார், தெரியாதவர்களுக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் ஓரடி தள்ளி நிற்பார்கள், அந்த ஓரடியில்தான் மனுஷனுக்கு அத்தனை பெருமை, வேலை முடிந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வரவேண்டியதை, அய்யா எப்பக் கூப்பிடுவாரோ என்று வீட்டுக்கே கொண்டுவருவார், வீட்டில் யார் இருக்கிறார்கள், நானும் அமுதினியும், கதவு திறந்ததும் அப்பா என்று பாய்ந்து காலைக் கட்டிக்கொள்கிற நாலு வயதுப் பிள்ளை, இந்தப் பக்கம் வாடா, இந்தப் பக்கம் வாடா என்று பதறிக்கொண்டு அவர் இடது இடுப்பைக் காட்டுவார், ஒருநாள் மறந்துபோய் வலது பக்கமாகத் தொற்றி ஏறினாள், முழங்கால் இரும்பில் இடித்துக் கன்றிப்போனது, அப்போதும் அவளைத்தான் திட்டினார், அப்பாவோட வலது பக்கம் உனக்கில்ல பாப்பா என்று நானும் எண்ணெய் தடவிக்கொண்டே சொல்கிறேன், என்ன பிழைப்பு இது, பெற்ற அப்பனில் பாதி உனக்கில்லை என்று சொல்லியா ஒரு பிள்ளையை வளர்ப்பார்கள்.

தலையணைக்கு அடியில் வைத்தார், கத்தினேன், பரணில் வைத்தார், ஸ்டூல் போட்டு ஏறுகிற பிள்ளை, அதற்கும் கத்தினேன், கடைசியில் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை என் தாலிக்கொடியில் ஊக்குப் போட்டு மாட்டிக்கொண்டேன், குளிக்கும்போதும் அது என் நெஞ்சில்தான் கிடந்தது, குண்டை எடுத்துட்டீங்களா என்று ஒவ்வொரு நாளும் கேட்பேன், காலிம்மா, எனக்கே பாடம் எடுக்கிறியா என்பார், அவர் சொல்கிற அந்தக் காலி என்கிற சொல்லில்தான் நாங்கள் தூங்கினோம், அமுதினிக்கும் சொல்லி வைத்திருந்தேன், அதைத் தொடக் கூடாது, எங்கேயாவது பார்த்தால் அம்மா என்று கத்தணும், நல்ல பிள்ளை, பீரோவைக் கடக்கும்போதுகூட கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போவாள், அப்படிப் பழக்கின பிள்ளையை, பொட்டு வைக்கணும் என்று என்னிடமே சாவி வாங்கி அதை வெளியே எடுத்தவர், பூஜை அன்றைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அந்த மணைக்கு முன்னால் நிறுத்தி, தொட்டுக் கும்பிட்டுக்கடா கண்ணு என்கிறார், நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருக்கிறேன், அவள் குரல் எனக்குக் கேட்கிறது, தொடக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்கப்பா, இன்னைக்குத் தொடலாம்டா, இன்னைக்கு அது சாமி, நான் கரண்டியைப் போட்டுவிட்டு வருகிறேன், முதலில் தன் சிலேட்டைத் தூக்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள், பிறகு அரிச்சுவடியை, எல்லாரும் செய்வதுதானே, பிறகு அதை, இரண்டு கையாலும் தூக்கி, அதன் வாய் அவள் கண்ணுக்கு நேராக, ஐயோ, எப்படிப் போனேன் என்று தெரியாது, பிடுங்கிவிட்டேன், சந்தனம் என் கையெல்லாம், பிள்ளை வீல் என்று அழுகிறாள், இவர் சிரிக்கிறார், கடவுளே, சிரிக்கிறார், குண்டு இருக்கிற மேகசினைக் கழட்டி வெச்சுட்டேன், அது காலிடி, இந்தா பாரு என்று என் கையிலிருந்து வாங்கி, சுவர்ப்பக்கம் நீட்டி, மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுக்கிறார், உள்ளேயிருந்து ஒன்று துள்ளி வந்து பொரித் தட்டில் விழுந்தது, சத்தமே இல்லை, பொரிக்குள் பித்தளை மூக்கு மட்டும் தெரிந்தது, முந்தின நாள் கூட்டத்தில் தள்ளுமுள்ளு, சுடத் தயாராக இழுத்து ஒரு குண்டைக் குழலுக்குள் ஏற்றி வைத்தவர், மேகசினைக் கழட்டினாலும் அது உள்ளேயே நிற்கும் என்பதை மறந்தே போயிருக்கிறார், அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது, அமுதினி அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்து, அம்மா, பொரில என்னமோ விழுந்துச்சும்மா என்றாள்.

எனக்கு அழுகை வரவில்லை, வந்ததெல்லாம் ஆத்திரம், தட்டை அப்படியே எடுத்தேன், பிள்ளையை இடுப்பில் போட்டுக்கொண்டேன், அந்தச் சனியனை எடுத்துக்கிட்டு முன்னாடி நடங்க என்றேன், எங்கடி, ஸ்டேஷனுக்கு, பைத்தியமா உனக்கு, என் வேலை போயிரும், போகட்டும், நடய்யா, கட்டின நாளிலிருந்து அவரை நான் அப்படிப் பேசியதில்லை, நடந்தார், அங்கேயும் பூஜை, சுவர் ஓரம் வரிசையாகத் துப்பாக்கிகள், எல்லாவற்றுக்கும் பொட்டு, இன்ஸ்பெக்டர் வாம்மா வாம்மா என்றார், நான் தட்டை நீட்டினேன், பிரசாதம், எடுத்துக்கோங்கய்யா, கை வந்தது, பொரியை அள்ளப்போன விரல் அந்தரத்தில் நின்றது, என்னம்மா இது, எம்பொண்ணு கண்ணுல ஒத்திக்கிட்ட துப்பாக்கிக்குள்ள இருந்துச்சுங்கய்யா, காலின்னு சொன்னாரு, இன்ஸ்பெக்டர் கையை இழுத்துக்கொண்டு, போலீஸ்காரன் பொண்டாட்டின்னா கொஞ்சம் தைரியம் வேணாமாம்மா என்றார், எனக்கு வந்ததே கோபம், தைரியம் இருக்கிறவங்க ஒரு வாய் எடுத்துக்கோங்க என்று தட்டோடு ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றேன், ஒரு கை நீளவில்லை, அத்தனை பேர் இடுப்பிலும் வீட்டுக்குப் போகிற ஒன்று இருந்தது, அத்தனை பேர் வீட்டிலும் ஒரு பிள்ளை இருந்தது.

கன்மேன் வேலை போய்விட்டது, டிராபிக்கில் போட்டுவிட்டார்கள், வெயிலில் நின்று கறுத்துப்போனார், என் மானத்தை வாங்கிட்டே என்று ஒரு வருஷமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, பேசாவிட்டால் போகட்டும், எனக்கென்ன, பேச ஆள் இருக்கிறாள் வீட்டில், உயிரோடு இருக்கிறாள், ஆனால் கண்ணை மூடினால் நான் அடுப்படியிலிருந்து ஓடிவருகிறேன், கூடம் நீண்டுகொண்டே போகிறது, அவள் இரண்டு கையாலும் தூக்குகிறாள், கனவில் ஒருநாளும் நான் போய்ச் சேர்ந்ததில்லை, விழித்து அவள் இமையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்தில் குறட்டை விடுகிறவரைப் பார்க்கும்போது கழுத்தை நெரிக்கலாம் போலிருக்கும், இவர் இடுப்பில் இப்போது பெல்ட்டைத் தவிர ஒன்றுமில்லை, ஆனாலும் கதவு திறந்தால் அமுதினி ஓடிவந்து, சட்டென்று நின்று, சுற்றிக்கொண்டு இடது பக்கம்தான் போகிறாள், இங்க வாடா, இங்க ஒண்ணுமில்லடா என்று அவர் வலது பக்கத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிடுகிறார், வரமாட்டாள், இன்றைக்கு மறுபடியும் ஆயுத பூஜை, அரிவாள்மணை, வண்டிச் சாவி, சிலேட்டு, நடுவில் அவருடைய விசில், அதற்கும் அதே சந்தனப் பொட்டு, காயவில்லை, தொட்டுக் கும்பிட்டுக்கடா என்கிறார், குரலில் கெஞ்சல், அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னைப் பார்க்கிறாள், நான் தலையாட்டுகிறேன், இரண்டு விரலால் எடுக்கிறாள், கண்ணுக்குக் கொண்டுபோகவில்லை, காதுக்குப் பக்கத்தில் வைத்து மெல்ல ஆட்டுகிறாள், உள்ளே அந்தச் சின்ன உருண்டை லொடலொடவென்று உருள்கிறது, சுவர்ப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள், அப்பா, இது காலியில்லப்பா, உள்ள ஒண்ணு இருக்கு.