வாகைக்கு ஒரு மனு

கஜா புயல் கீரமங்கலத்துத் தென்னைகளை வாரிப் போட்டபோது, செங்கமலத்தின் தையல் கடைக்குப் பக்கத்தில் நின்ற வாகை பாதி சாய்ந்ததோடு நின்றுவிட்டது. அதற்கப்புறம் அடிமரம் பொந்து விழுந்து, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைக்கூரைப் பக்கம் குனிந்துகொண்டே வந்தது. காற்றடித்தால் செங்கமலம் மெஷினை அப்படியே போட்டுவிட்டு மகள் காவ்யாவை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடுவாள். சொந்த மரமாக இருந்தால் என்றைக்கோ வெட்டியிருப்பாள். அது நின்றது புறம்போக்கில்.

மனு கொடுத்தாள். ஒரு ஆபீஸில் இன்னொரு ஆபீஸைக் கை காட்டினார்கள். அங்கே போனால் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ஒரு கிளார்க் உட்காரச் சொல்லிக் கேட்டார்.

"மரம் உயிரோட இருக்கா, பட்டுப்போச்சா?"

"பாதி பட்டுப்போச்சுங்க."

"பாதின்னெல்லாம் எழுத முடியாதும்மா. உயிரோட இருந்தா கமிட்டி கூடி அனுமதி கொடுக்கணும்."

"அதுக்குள்ள எங்க மேல விழுந்துருச்சுன்னா?"

"விழுந்த மரத்துக்கு அனுமதி வேண்டாம்."

அவர் கேலி பண்ணவில்லை. விதியைத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஆடிக் காற்றில் ஒரு கிளை முறிந்து கூரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே விழுந்தது. நல்லவேளை, காவ்யா பள்ளிக்கூடம் போயிருந்தாள். செங்கமலம் போட்டோ எடுத்துக்கொண்டு மறுபடியும் நடையாய் நடந்தாள். ஒருவழியாக உத்தரவு வந்தது.

மரம் வெட்டும் ஆட்கள் வந்த அன்று, பிளவுஸ் ஒன்றுக்கு ஊக்கு வைத்துக்கொண்டிருந்தவள் ரம்பச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். பஸ் ஸ்டாப்பில் நிழலுக்கு நிற்கும் வேம்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அது இல்லண்ணே! இங்கிட்டு நிக்கிற வாகை!"

கான்ட்ராக்டர் திருப்பதி பேப்பரை நீட்டினார். "வேம்புன்னுதாங்க போட்டிருக்கு. வாகையைத் தொட்டா எம்மேல கேஸு."

செங்கமலம் ஓடிப்போய் வேம்பில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். மரத்தை வெட்டச் சொல்லி அலைந்தவள் மரத்தைக் கட்டிக்காக்கிறாளே என்று பஸ்ஸுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். வெட்கத்திலும் ஆத்திரத்திலும் அவளுக்குக் கண்ணீர் முட்டியது. ஆனாலும் நகரவில்லை. திருப்பதி வெயில் ஏறும்வரை பார்த்துவிட்டு, லாரியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

மறுநாள் ஆபீஸில் அதே கிளார்க்.

"வெட்ட வந்தவங்களை நீங்களே தடுத்துட்டீங்களாம். மனு முடிஞ்சுபோச்சு. புதுசா கொடுங்க."

"வேம்புன்னு எழுதினது யாரு சார்?"

அவர் பைலைப் புரட்டினார். செங்கமலம் மேஜை மேல் இருந்த வெள்ளைத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இந்தத் தடவை நீங்களே ஒங்க கையால எழுதுங்க. வா, கை. எழுதி முடிக்கிற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

கடைக்கு வந்ததும் காவ்யாவும் அவளுமாக மெஷினைத் தூக்கி, வாகைக்கு எட்டத்தில், கூரை கிழியாத மூலையில் போட்டார்கள். அங்கே வெளிச்சம் பற்றவில்லை. பட்டப்பகலிலேயே லைட்டைப் போட்டுக்கொண்டு தைக்க உட்கார்ந்தாள்.