அறுபதிலேயே நின்ற கை

என் மனைவி விஜயகுமாரி ஹால் சுவரில் ஆணி அடித்து ஒரு வெள்ளை போர்டை மாட்டிய அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சோற்றுத் தட்டை இடது கையால் தள்ளிவிட்டேன். வலது கையால்தான் தள்ளியிருப்பேன். அது அப்போது சொன்ன பேச்சைக் கேட்காமல் மடியில் கிடந்தது.

"இன்னா இது? வீடா, கம்பெனியா?"

"கம்பெனிதான். இன்னிலேர்ந்து நீங்க என் லைன்ல ஒரு ஆளு" என்றாள். சிந்திய சோற்றை அள்ளிக்கொண்டே சொன்னாள்.

விஜயா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர். நாற்பது பெண்கள், நாற்பது மிஷின், அவர்கள் தலைக்கு மேலே ஒரு போர்டு. ஒவ்வொரு மணிக்கும் எத்தனை ஜோடி தைக்க வேண்டும், எத்தனை தைத்தார்கள் என்று அதில் எழுத வேண்டும். நான் அதே கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் தோல் வெட்டியவன். மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கட்டிங் மிஷின் முன்னால் நிற்கும்போதே பக்கவாதம் அடித்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் உயிரை மீட்டுக் கொடுத்தார்கள். கால் இழுத்து இழுத்து நடக்க வந்துவிட்டது. கை வரவில்லை.

பயிற்சி சொல்லிக்கொடுத்த பாக்யலட்சுமி மேடம், "மொத ஆறு மாசம்தான் சார் முக்கியம். தெனம் நாலு வேளை பண்ணணும். கையை சும்மா விட்டீங்கன்னா அது அப்படியே நின்னுடும்" என்றார். எனக்கு அழுகை வந்தது. விஜயாவோ பையிலிருந்து பேனாவை எடுத்து, "ஒரு வேளைக்கு எத்தனை மேடம்?" என்று கேட்டாள். ஏதோ ஆர்டர் பிடிக்க வந்தவள் மாதிரி!

பயிற்சி இதுதான். இரண்டு எவர்சில்வர் கிண்ணம். ஒன்றில் ஷூவில் கயிறு கோக்கும் ஓட்டைக்கு அடிக்கிற சின்னப் பித்தளை வளையங்கள். கழித்துப் போட்டதிலிருந்து விஜயா ஒரு பிடி கேட்டு வாங்கி வந்திருந்தாள். வலது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒவ்வொன்றாய் எடுத்து அடுத்த கிண்ணத்தில் போட வேண்டும். ஐந்து நிமிஷத்தில் எத்தனை போட்டேன் என்று போர்டில் எழுத வேண்டும். காலை ஏழு, பத்து, மதியம் ஒன்று, நாலு மணி. ஏழு மணிக்கு அவள் பக்கத்தில் இருப்பாள். எட்டுக்குக் கம்பெனி பஸ் ஏறிப் போய்விடுவாள். மகள் காலேஜ் ஹாஸ்டலில். மீதி மூன்று வேளையும் நானும் போர்டும் மட்டும்தான்.

முதல் வாரம் டார்கெட் இருபது. அவள் பஸ் ஏறிய பிறகு நான் ஒரு வேளையாவது செய்தேனா? டிவி பார்த்துவிட்டு, மூன்றரை மணிக்கு இடது கையால் இருபது, இருபத்தொன்று, இருபது என்று கிறுக்கி வைத்தேன். சாயந்திரம் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. போர்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மூணு வேளையும் ஒரே மூச்சுல எழுதியிருக்க. பேனா மை ஒரே மாதிரி இருக்கு, சாய்வு ஒரே மாதிரி இருக்கு. நாப்பது பேர் எழுதற போர்டை பதினாறு வருஷமா பாக்கறேன். என்கிட்டயேவா?"

கோபம் வந்தால் அவளுக்கு 'ங்க' போய்விடும்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. இருபதை அழித்துவிட்டு ஐந்து என்று எழுதினாள்.

"அஞ்சு போதும். ஆனா நாலு வேளையும் வேணும். ஒரு வேளை விட்டுப்போச்சுன்னா போச்சு, அழிச்சிடுங்க. அதைப் போய் அடுத்த வேளைல சேத்துப் போடாதீங்க. லைன்ல மிஷின் ரிப்பேர் ஆயி ஒரு மணி நேரம் போச்சுன்னா நாங்க இன்னா ஒக்காந்து அழுவறோமா? அடுத்த மணி புதுசு."

ஐந்துதானே, பிச்சை போடுகிற மாதிரி போட்டுவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். ஐந்து வளையம் எடுக்க, தனியாக உட்கார்ந்த முதல் நாள் எனக்கு ஏழு நிமிஷம் ஆனது. விரல் வளையத்தைத் தொடும், பிடிக்காது. பிடித்தால் விடாது. நாற்பத்தாறு வயசு ஆண்பிள்ளை ஒரு கிண்ணத்தின் முன்னால் வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தேன். சில நாள் கிண்ணத்தைச் சுவரில் எறிந்திருக்கிறேன். எறிந்தவன்தான் குனிந்து பொறுக்கவும் வேண்டும், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? பொறுக்கவும் வலது கையைத்தான் நீட்டினேன்.

சும்மா சொல்லக்கூடாது, ஒரு மாதத்தில் எனக்கே தெரியாமல் என்னவோ நடந்துவிட்டது. பத்து மணி ஆனால் கால் தானாகக் கிண்ணத்துப் பக்கம் நகர்ந்தது. மனசு வந்ததா, வரவில்லையா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மனசு வரட்டும் என்று இருந்திருந்தால் இன்றைக்கும் மடியில் கையை வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருப்பேன். ஐந்து பன்னிரண்டானது. பன்னிரண்டு முப்பதானது. ஆகஸ்ட் நடுவில் ஒரு நாள் அறுபது.

அன்றைக்குத்தான் விஜயா அந்த வார்த்தையைச் சொன்னாள். "நூறு தொட்டுட்டா எண்ணெய் தேய்க்கறத நிறுத்திடலாம்னு மேடம் சொல்லியிருக்காங்க. அப்புறம் நீங்களே பாத்துக்கலாம்."

எண்ணெய் சமாச்சாரத்தைச் சொல்லவேண்டும். தினமும் சாயந்திரம் வந்ததும் முகம் கழுவிக்கொண்டு, நல்லெண்ணெயை லேசாகச் சுட வைத்து, என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். பத்து நிமிஷம் ஒவ்வொரு விரலாக நீவி விடுவாள். நீவிக்கொண்டே லைன் கதையெல்லாம் சொல்லுவாள். யார் யாரோடு சண்டை, எந்தத் தோல் கலர் மாறி வந்தது, யாருக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். பதினெட்டு வருஷக் கல்யாணத்தில் நான் அவள் கையைப் பிடித்தது கல்யாண மேடையில் மூன்று சுற்று சுற்றும்போதுதான். அப்புறம் அவளுக்கு வேலை, எனக்கு வேலை, குழந்தை, சமையல். கையைப் பிடிக்க யாருக்கு நேரம்? இப்போது கை செத்துப்போன பிறகு தினமும் பத்து நிமிஷம் கிடைத்தது. அது நூறில் முடிந்துவிடும் என்கிறாள்.

நான் அறுபதிலேயே நின்றுவிட்டேன்.

கம்பெனியில் வேலை செய்கிற யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டாம். எண்பது ஜோடி போட முடிகிற லைன் எழுபதுதான் எழுதும். எண்பது என்று எழுதினால் நாளையிலிருந்து எண்பத்தைந்து கேட்பார்கள். மீதிப் பத்து மேஜைக்கு அடியில் இருக்கும். கட்டிங்கில் நானும் செய்ததுதான். கை மட்டும் நிற்கவில்லை. எழுபது போட்டது, தொண்ணூறு போட்டது, ஒரு நாள் நூற்றைந்து போட்டது. நேரம் தவறாமல், வேளைக்கு வேளை, வேறு வேறு சாய்வில், ஐம்பத்தெட்டு, அறுபது, அறுபத்தொன்று என்று எழுதிவைத்தேன். ஏழு மணி வேளையில் மட்டும் அவள் எதிரில் வேண்டுமென்றே மெதுவாகப் போட்டேன்.

ஏழு வாரம்.

போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அப்துல் ஹமீத் நேராக என்னைப் பார்க்க வந்தான். கட்டிங்கில் எனக்குப் பக்கத்து மிஷின், இருபது வருஷ தோஸ்த். ஒரு மணி வேளைக்கு அன்று கொஞ்சம் தாமதமாக உட்கார்ந்திருந்தேன். வாசலில் நின்றவன், நான் வளையம் பொறுக்குவதைப் பார்த்தான். கிண்ணத்தில் டிங் டிங் என்று விழுந்துகொண்டிருந்தது.

"யா அல்லா! எத்தனைடா போடற?"

"நூத்தி பன்னெண்டு."

அவன் போர்டைப் பார்த்தான். காலையில் ஐம்பத்தொன்பது, பத்து மணிக்கு அறுபது. அவன் முகம் மாறிவிட்டது.

"அடப்பாவி! அப்போ தங்கச்சி எதுக்குடா வேலைய வுடுது?"

"இன்னா சொல்ற?"

"ஒனக்குத் தெரியாதா? நேத்து எச்ஆர்ல லெட்டர் குடுத்துட்ச்சு. 'ஏழு வாரமா அவர் கை நின்னுபோச்சு, இன்னும் ஒரு மாசம்தான் டைம் இருக்கு, நான் வீட்ல இருந்து பாக்கணும்'னு சொல்லிச்சாம். அவங்க லெட்டர வாங்கி வெச்சுக்கினு சனிக்கிழமை வரைக்கும் யோசிக்கச் சொல்லியிருக்காங்க. அந்த லைன் பொண்ணுங்க ஒண்ணொண்ணும் அழுவுது."

அந்த லைன் விஜயாவுக்கு வேலை மட்டுமில்லை. ஹெல்ப்பராகச் சேர்ந்து, மிஷின் கற்று, சூப்பர்வைசர் ஆனவள். காய்ச்சலில் கிடந்தாலும் போனில், "மூணாவது மிஷின் நூல் மாத்தினாங்களா?" என்று கேட்பவள். அதை நான் பொய்யால் அழித்துவிட்டேன். எனக்குப் பத்து நிமிஷம் வேண்டும் என்று!

ஹமீத் போனதும் எழுந்து போர்டை அழித்தேன். நூற்றெட்டு, நூற்றுப் பன்னிரண்டு, நாலு மணிக்கு நூற்றுப் பதினைந்து என்று உண்மையை எழுதினேன். நாளை சனிக்கிழமை. அதற்குள் அவள் நம்ப வேண்டும்.

அவள் வந்தாள், பார்த்தாள். பையைத் தொப்பென்று போட்டாள்.

"திரும்ப ஆரம்பிச்சிட்டியா?"

"இல்ல விஜயா, நெஜமா..."

"காலைல அம்பத்தொம்பது, சாயந்திரம் நூத்தி பதினஞ்சா? யார்னா சொல்லிட்டாங்களா, நான் லெட்டர் குடுத்தத? என்னை வேலைக்கு அனுப்பறதுக்காக எழுதறியா?"

"ஒக்காரு. பாரு. நீயே எண்ணு."

அவள் போனில் ஐந்து நிமிஷம் வைத்தாள். நான் உட்கார்ந்தேன். அவள் கண் எதிரில், இவள் நம்ப வேண்டுமே என்ற பயத்தில், விரல்கள் அவசரப்பட்டன. வளையம் நழுவியது. இரண்டு கீழே உருண்டன. போன் அடித்தபோது நாற்பத்து மூன்று. அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். எண்ணெய் சுட வைக்கிற சத்தம் கேட்டது. ஐயோ, அந்தச் சத்தம் அப்போது எவ்வளவு வலித்தது!

"இன்னொரு தடவை" என்றேன்.

"வேணாம் வுடுங்க. பரவால்ல."

"அது போச்சு, விஜயா. இது புதுசு. வா."

அவள் எண்ணெயோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. கிண்ணத்தை மட்டும் பார்த்தேன், பத்து மணிக்குத் தனியாக உட்கார்ந்திருக்கிற மாதிரி. ஒன்று, இரண்டு என்று அவள் ஒப்புக்கு எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பதில் குரல் ஏறியது. அறுபதைத் தாண்டியபோது நின்றுவிட்டது. "எண்ணு, எண்ணு" என்றேன். தொண்ணூறு, நூறு. போன் அடித்தபோது நூற்று நாலு.

அவள் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "எப்போலேர்ந்து?"

"ஆகஸ்ட்லேர்ந்து."

"மறைச்சியா? கம்மியா எழுதினியா?" தையல் லைன்காரி, சொல்லாமலே புரிந்துகொண்டாள். "என் லைன்ல நாப்பது பேர் ஒளிச்சு வைக்கறத கண்டுபுடிக்கறேன். வீட்ல மட்டும் கண்டுபுடிக்கல. ஏன் தெரியுமா? ஒன்னை நம்பிட்டேன். ஏழு வாரமா தெனமும் பஸ்ல அழுதுக்கினே வர்றேன், தெரியுமா ஒனக்கு?"

"நூறு வந்தா எண்ணெய் தேய்க்கறத நிறுத்திடுவேன்னு சொன்ன இல்ல?"

"அதுக்கு?"

"அந்தப் பத்து நிமிஷம் ஒன் கை என் கைல இருக்கும். அது போய்டும்னு பயமா இருந்திச்சு."

சொல்லிவிட்டேன். பதினெட்டு வருஷத்தில் சொல்லாததைத் தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டேன். அவள் என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். இன்னொன்று வைத்தாள்.

"லூசு! கேட்டா தரமாட்டனா?"

"கேக்கத் தெரியல விஜயா."

அவள் அழுதாள். நானும் அழுதேன். பக்கவாதம் வந்த நாளில்கூட நாங்கள் ஒன்றாக உட்கார்ந்து அழவில்லை. பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வேறு யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்.

"காலைலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் எனக்கும்தான் கை கடுக்குது. வந்து ஒனக்குப் புடிச்சு வுடறேன். என் கைய யார்னா புடிச்சாங்களா?"

அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் ஊசி ஏறின பழைய தழும்பு. பசை பட்டுப் பட்டுத் தடித்துப்போன நுனி. மணிக்கட்டு வீங்கியிருந்தது. நாலு மாதமாக இந்தக் கைதான் என் கையைப் பிடித்திருக்கிறது. ஒரு நாளாவது இது எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

"குடு" என்றேன்.

"இந்தக் கையாலயா?"

"இந்தக் கையாலதான்."

கிண்ணங்களைத் தள்ளிவிட்டு எண்ணெயில் வலது கை விரல்களைத் தோய்த்தேன். முதலில் அவள் கட்டைவிரல். பிடி வழுக்கியது, மறுபடி பிடித்தேன். அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நாளைக்குக் காலையில் போய் லெட்டரைத் திருப்பி வாங்கிவிடுவதாகச் சொன்னாள். நான் அடுத்த விரலுக்குப் போயிருந்தேன்.

"இன்னும் கொஞ்சம் அழுத்துங்க" என்றாள்.

அழுத்தினேன்.