படம் மங்கும் அறை

தொப்பி ஒன்றை மாட்டினால் என் தங்கையின் மண்டைக்குள் நடப்பது தெரிந்துவிடும் என்றார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறந்ததிலிருந்து கூடவே கிடக்கிற எனக்கே பிடிபடாதது ஒரு தொப்பிக்கா பிடிபடப்போகிறது?

அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். நாற்பதை நெருங்குகிறவளைப் போய்ப் பாப்பா என்கிறாயே என்று யாராவது கேட்டால், உனக்கென்ன வந்தது என்று கேட்டுவிடுவேன். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிறவள் அவள். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும், எது தாமதம் என்று ஊரே காதைத் தீட்டிக்கொண்டு கேட்ட குரல். அது ஒரு நாள் பாதி அறிவிப்பில் நின்றுபோனது. மூச்சு முட்டுகிறது என்று மைக்கை விட்டு எழுந்து வந்தவள் திரும்பிப் போகவில்லை. தூக்கம் போனது, பின்னாலேயே பேச்சும் போனது. என்ன கேட்டாலும் ‘ம்’, இல்லாவிட்டால் ‘வேண்டாம்’. மாத்திரையால் அழுகை நின்றதே தவிர ஆள் மீளவில்லை. அடுத்த மாதக் கடைசிக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று நிலைய மேலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த வேலையும் போனால் அவள் கட்டிலை விட்டு எழவே மாட்டாள். அந்தப் பயத்தில்தான் இந்த மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு வந்தேன்.

நீச்சலுக்குப் போடுகிற தொப்பி மாதிரி இருந்தது, ஆனால் எங்கு பார்த்தாலும் ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒல்லியான ஒருவர் மொண்ணை ஊசியால் பசையை விட்டு ஒயரைச் செருகினார். அன்றைக்கே அவருக்குத் தொப்பிக்காரர் என்று பெயர் வைத்துவிட்டேன்.

“கரண்ட் கிரண்ட் உள்ள போகுமா தம்பி?”

“எதுவும் உள்ள போகாதும்மா. உள்ளேர்ந்து வர்றத இது கேட்டு வரையுது, அவ்ளோதான்.”

பாப்பா கண்ணை மூடிக்கொண்டாள். திரையில் வரிவரியாகக் கோடுகள் ஓடின. “பயப்படாத பாப்பா, நான் பக்கத்துலதான் இருக்கேன்” என்றேன். கோடுகள் சட்டென்று மையைக் கொட்டியதுபோல் கறுத்தன.

“பல்லக் கடிக்காதீங்க” என்று அவளிடம் சொல்லிவிட்டு, தொப்பிக்காரர் எனக்குக் காட்டினார். “காதுக்குக் கீழ தாடை இருக்குல்ல, அங்க பாருங்கம்மா. பல்லக் கடிச்சா அந்த இடம் புடைக்கும். அதுவும் இதுல சேந்து வந்து எல்லாத்தையும் கெடுத்துரும்.”

அடுத்த வாரம் டாக்டர் அந்த வரைபடத்தைக் காட்டினார். மேலிருந்து பார்த்த தலைகள், பச்சையும் மஞ்சளும் பூசியவை. ஒன்றில் மட்டும் சிவப்பு அப்பியிருந்தது.

“எங்க டாக்டர் அடிபட்டிருக்கு?”

“அடியெல்லாம் ஒண்ணும் இல்ல. சில பேரு, யாரோ கதவத் தட்டப் போறாங்கன்னே காத்துக்கிட்டு இருப்பாங்க பாருங்க, அந்த மாதிரி இருக்கு இவங்க மூளை. உக்காந்திருந்தாலும் நிம்மதியா உக்காரல.”

“யாரு தட்டப் போறாங்களாம்?”

“அத இந்தப் படம் சொல்லாதும்மா.”

பிறகு என்னத்துக்கு இந்தப் படம் என்று வாய்வரை வந்தது. பாப்பாவுக்காக விழுங்கிக்கொண்டேன்.

சிகிச்சை என்று சொன்னது அதைவிட வேடிக்கை. தலையில் சில ஒயர்களை ஒட்டிவிட்டு எதிரே ஒரு படம் ஓடவிடுவார்கள். ஆற்றில் ஒரு படகு மெல்லப் போய்க்கொண்டிருக்கும். மூளை அமைதியானால் படம் தெளியும், பதறினால் பனி மூடியதுபோல் மங்கும். பார்த்துப் பார்த்து மூளையே அமைதிக்குப் பழகிக்கொள்ளுமாம். சும்மா உட்கார்ந்து படம் பார்ப்பதற்கு ஒரு மருத்துவமனையா என்று தொப்பிக்காரரிடமே கேட்டேன். “சும்மா உக்கார்றதுதாம்மா உலகத்துலயே கஷ்டம்” என்று சிரித்தார்.

நான் சும்மா உட்கார்கிற ஜாதியா? விடுதி ஒன்றின் சலவைப் பிரிவில், ஆவி பறக்கிற இயந்திரங்களுக்கு நடுவில் கத்திக் கத்தியே வேலை வாங்குகிறவள். நாற்காலியை அவளுக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டுக்கொண்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் தாடையையே பார்த்தேன். “பாப்பா, பல்லக் கடிக்கற பாரு. தோளத் தளத்து. நல்லா மூச்சு விடு. ஐயோ, மங்குது பாரு, மங்குது!”

படகு ஒரு நாள்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. எப்போது பார்த்தாலும் பனிதான். வாரம் ஓட ஓட எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உங்க மெஷின் சரியில்ல. வேற மெஷின் போடுங்க” என்று தொப்பிக்காரரிடம் சண்டை பிடித்தேன். “நீங்க கொஞ்சம் வெளிய உக்காந்து பாருங்களேன்” என்றார் அவர், தயங்கித் தயங்கி. “அவ பயந்துருவா தம்பி, நான் இல்லாம அவளுக்கு ஆகாது” என்றேன். பாப்பா திரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

மேலாளர் சொன்ன மாதக் கடைசி நெருங்கிவிட்டது. அன்று படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் என் கைபேசி அடித்தது. விடுதி மேற்பார்வையாளர். எடுக்காவிட்டால் மனிதர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். வெளியே நடைக்கு வந்து பேசினேன். சலவைப் பிரிவில் அங்கேயே தங்கி வேலை பார்க்க ஆள் வேண்டும், அறை தருகிறோம், கடைசியாகக் கேட்கிறேன் என்றார். “எத்தன தடவ சொல்றது சார்? தங்கச்சிய விட்டுட்டு எப்படி வருவேன்?” என்று அடித்துச் சொல்லிவிட்டு, கதவருகே வந்தேன்.

கதவில் சின்னக் கண்ணாடி உண்டு. அதன் வழியே படகு தெரிந்தது.

துடுப்பு தெரிந்தது, தண்ணீரில் அதன் நிழல் தெரிந்தது. பாப்பா கைகளை மடியில் தளர்வாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பின் சாயல்கூட இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. “பாப்பா, தெரியுதுடி!” என்று கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன்.

படகு பனிக்குள் போய்விட்டது.

கதவுச் சத்தம்தான் காரணம் என்று நினைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்க் கண்ணாடி வழியே பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் படகு வந்தது. இந்தத் தடவை பூனை மாதிரி, மூச்சு விடாமல் உள்ளே போனேன். வாயைத் திறக்கவில்லை, நாற்காலியை இழுக்கவில்லை. என் சேலை வாசமோ, சலவைச் சோப்பு வாசமோ, எதுவோ அவளுக்குச் சொல்லிவிட்டது. படம் மங்கியது. தொப்பிக்காரர் தரையைப் பார்த்தார். பாப்பா திரும்பி என்னைப் பார்த்தாள். மூன்று பேருக்கும் தெரிந்துபோனது.

மறுபடி வெளியே போனவள், அவள் வரும்வரை நடையிலேயே நின்றேன்.

பேருந்தில் இருவருக்கும் இடம் கிடைத்தது. வழக்கமாக ஏறியதிலிருந்து இறங்குவதுவரை என் வாய் ஓயாது. அன்று திறக்கவே முடியவில்லை. யாரோ கதவைத் தட்டப் போகிறார்கள் என்று டாக்டர் சொன்னதே திரும்பத் திரும்ப வந்தது. குளியலறையில் கொஞ்சம் நேரமானால் தட்டுகிறவள் நான். தூங்குகிறாளா என்று கதவைத் திறந்து பார்க்கிறவள் நான். ஏதாவது செய்துகொண்டுவிடுவாளோ என்ற பயத்தில், தாழ்ப்பாளைக்கூடக் கழற்றிவைத்தவள் நான். அவள் உயிரோடு இருக்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதற்காக அவளை மூச்சுவிட முடியாமல் செய்துவிட்டேனே.

“அக்கா” என்றாள் பாப்பா.

திடுக்கிட்டுத் திரும்பினேன்.

“அது மெஷின் கோளாறுக்கா. கதவத் தொறந்தா காத்து வருது, ஒயரு ஆடுது, அதான் படம் போயிடுது. நீ ஒண்ணும் மனசுல வச்சிக்காத. நீ பக்கத்துல இருந்தாத்தான் எனக்குத் தைரியமா இருக்கு.”

எத்தனை மாதமாக ஏங்கிய குரல்! ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, நடைமேடையின் கடைசியில் நிற்பவனுக்கும் புரிகிற மாதிரி. முன் இருக்கைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அவளைக் கட்டிக்கொண்டு அழலாம்போல் இருந்தது.

பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். பாழாய்ப்போன கண் பழகிவிட்டதே. அவள் காதுக்குக் கீழே தாடை புடைத்துக்கொண்டு நின்றது.

“ஆமா பாப்பா, நானும் அதான் நெனச்சேன்” என்றேன். “மெஷின்தான் சரியில்ல.”

கொஞ்ச தூரம் போனதும், வெளியே பார்த்தபடி சொன்னேன்: “விடுதியில ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க. அங்கயே தங்கி வேல பாக்கணுமாம், ரூம் குடுப்பாங்களாம். போயிரலாமான்னு பாக்கறேன். தாழ்ப்பாளத் திரும்ப மாட்டிக் குடுத்துட்டுப் போறேன். நீ தனியா இருந்துக்குவியா?”

பேச்சே இல்லாத நாட்களிலும் ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல் அவளிடம் இருந்தது. சோற்றுக்குச் சொன்னாள், மாத்திரைக்குச் சொன்னாள், போர்வைக்குச் சொன்னாள். எங்கள் நிறுத்தம் வரும்வரை அதற்காகக் காத்திருந்தேன்.

அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். புடைத்திருந்த தாடை மெல்ல அடங்கியது.