கஸ்தூரியின் மீனுக்கு முகவரி இல்லை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, கைப்பேசியில் கிடைத்தது. ஒரு ஞாயிறு காலை, பெர்மாஸ் ஜெயா வீட்டில் சோபாவில் படுத்தபடி ஒரு நேரலையை நான்காயிரம் பேரோடு சேர்ந்து பார்த்தேன். அதை நடத்தும் கஸ்தூரி முழங்கால் அளவு சதுப்புத் தண்ணீரில் நின்று, விரற்கணு நீளக் கறுப்புச் சண்டைமீன் ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தாள். பிரேசில்காரரும் ஜப்பான்காரரும் வாயைப் பிளந்தார்கள். வார நாள்களில் அவள் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

2

தொடக்கம், முதல் முயற்சி: யோங் பெங்கைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குள் இரண்டாவது வலப்பக்கம் திரும்பினால்

[வேண்டாம். யோங் பெங் என்பதே பொய். அழகுமீன் வியாபாரிகளுக்கு இடம் தெரிந்தால் ஒரே வாரத்தில் குளத்தைத் துடைத்துவிடுவார்கள். அதனால்தான் கஸ்தூரி ஊர்ப்பெயரை வாய்தவறிக்கூடச் சொன்னதில்லை.]

3

அன்றும் அவள் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த தோட்டத்துக் கோயில் ஒலிபெருக்கி சொல்லிவிட்டது: "இன்றைய அன்னதான உபயம், –––– தோட்டம் சதாசிவம் குடும்பத்தினர்!"

"அலமாக்! சவுண்ட கட் பண்ணுங்க!" என்று கத்தினாள் கஸ்தூரி.

கைப்பேசியைப் பிடித்திருந்த கணவன் சுகுமாறன் சிரித்தான். "விடு லா. பாக்குறவங்கள்ல யாருக்குத் தமிழ் தெரியும்?"

இரண்டே நிமிடம். மெல்பர்னிலிருந்து திருச்செல்வம் என்பவர் எழுதினார்: 'தங்கச்சி, அது எங்கட தோட்டத்துக் கோயிலல்லோ? அப்பா அங்கதான் கணக்கெழுதுற கிராணியா இருந்தவர்.' தோட்டத்தின் பெயரையும் ஆங்கிலத்தில் சுத்தமாக எழுதியிருந்தார். பாசத்தில் செய்தார், பாவம். பிறகு மன்னிப்புக் கேட்டு அழித்தார். அதற்குள் பார்க்கக் கூடாதவர்கள் பார்த்துவிட்டார்கள். மாலைக்குள் கஸ்தூரிக்குத் தனிச்செய்தி வந்தது: 'ஜோடி என்ன விலை? நாங்களே வந்து பிடித்துக்கொள்கிறோம்.'

4

[சுகுமாறன்மேல் எனக்குச் சந்தேகம். மனைவி பதறும்போது சிரிக்கிறவனைக் கதையில் வைக்கலாமா? வைக்கலாம். அடுத்த யோசனை அவனுடையது.]

"மீன வேற எடத்துக்கு மாத்திடலாமா?" என்றான் சுகுமாறன்.

"செத்துரும். இந்தக் கறுப்புத் தண்ணியிலதான் உசுரோட இருக்கும்."

"அப்ப கோயில்ல சொல்லிருவோம். வெளிநாட்டுக்காரனுக்கெல்லாம் காட்டுனியே, நம்ம ஆளுங்களுக்குக் காட்டுனியா?"

கஸ்தூரிக்குச் சுருக்கென்றது. அடுத்த ஞாயிறு அன்னதானப் பந்தியில், இலைக்கு இலை கைப்பேசியை நீட்டிக் காட்டினாள். பரிமாறிக்கொண்டிருந்த கிருஷ்ணம்மா சாம்பார்க் கரண்டியோடு நின்றுவிட்டார். "இது நம்ம தோட்டத்துலயா இருக்கு? எவன் வலையோட வர்றான்னு பாக்குறேன்."

5

முடிவு ஒன்று: குளம் காலியானது. [எழுதினேன், அழித்தேன். கிருஷ்ணம்மாவைப் பார்த்தபின் நம்ப முடியவில்லை.]

முடிவு இரண்டு: ஒரு வெள்ளை வேன் தோட்டச் சாலையில் நுழைந்தது. தோட்டத்து ஆட்கள் ஐந்து பேர் வழியில் நின்று, "யார பாக்கணும்?" என்று சிரித்தபடி கேட்டார்கள். வேன் திரும்பிப் போனது. இது எனக்குப் பிடித்த முடிவு, நடந்ததும் இதுதான்.

ஆனால் மூன்றாவது முடிவு என் கையில் இல்லை. இதைப் படித்ததும் அந்தத் தோட்டம் எது என்று தேட உங்கள் விரல் கைப்பேசிக்குப் போகும். தெரியும், என் விரலும் போனது. தயவுசெய்து விரலை எடுத்துவிடுங்கள்.