ஒன்பதாம் வார்டின் தொடுவானம்

சங்குமுனைப் பேரூராட்சிக்குச் சொந்தமான தொடுவானம் சென்ற மாசி மாதம் ஒன்பதாம் வார்டுக்கு நேராகத் தொய்ந்திருப்பது தெரியவந்தது. தொய்வு சுமார் நான்கு அடி. வடக்கு முனையில் கலங்கரை விளக்கத்தின் அடியில் இருக்கும் இரும்பு வளையத்திலும், தெற்கு முனையில் பழைய உப்புக் கிட்டங்கியின் சுவரிலும் கட்டு சரியாகவே இருந்தது. நடுவில்தான் கோளாறு.

இதனால் ஒன்பதாம் வார்டில் மட்டும் சூரியன் பதினோரு நிமிடம் முன்னதாக உதித்தது. புகார் கொடுத்தவர்கள் நான்காம் வார்டுக்காரர்கள். எல்லா வார்டுகளும் ஒரே பேரூராட்சியில் இருக்கும்போது ஒரு வார்டுக்கு மட்டும் கூடுதலாகப் பகல் வழங்குவது எந்த விதியின்கீழ் என்று கேட்டிருந்தார்கள். மனுவில் நாற்பத்தாறு கையெழுத்துகள். அவற்றில் இரண்டு ஒரே கையால் போடப்பட்டவை. அதைப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டு மனுவைக் கோப்பில் சேர்த்தேன்.

நான் அந்த அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். தபால் பிரிப்பது, கூட்டக் குறிப்பு எழுதுவது, ஊர்ச் செய்திகளையும் அறிவிப்புகளையும் தயாரித்துப் பலகையில் ஒட்டுவது, பிறகு ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் உட்கார்ந்து அவற்றை வாசிப்பது என் வேலை. வாசிக்கும்போது காற்புள்ளி வரும் இடத்தில் நிறுத்துவேன். ஆட்டோக்காரருக்கு இது பிடிக்காது.

தொய்வைச் சரிசெய்வது புதிய வேலை அல்ல. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, மீன்பிடித் தடைக்காலத்தில், படகுகள் எல்லாம் கரையில் இருக்கும்போது தொடுவானத்தின் கட்டை அவிழ்த்து இழுத்துக் கட்டுவார்கள். அதற்கு முன் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு படிவம் வாங்க வேண்டும். 'எங்கள் வீட்டைச் சேர்ந்த எவரும் கடலில் இல்லை' என்று ஒரே ஒரு வரி, கீழே கையெழுத்து. இழுத்துக் கட்டிய பிறகு கோடு விறைத்து உயர்ந்துவிடும். வள்ளங்களால் அதைத் தாண்டி உள்ளே வர முடியாது. கோட்டுக்கு வெளியே இருப்பது ஊருக்கு வெளியே இருப்பதாகிவிடும். தொண்ணூற்று நான்கில் கவனக்குறைவாக ஒரு பாறை இப்படி வெளியே போய்விட்டது. அது இப்போது எந்த ஊரிலும் இல்லை.

ஒன்பதாம் வார்டில் இருநூற்றுப் பதினான்கு வீடுகள். இருநூற்றுப் பதின்மூன்று படிவங்கள் வந்தன.

வராத படிவம் பிரகாசியுடையது. அவருடைய கணவர் தொபியாஸ் சென்ற ஆடி மாதம் வள்ளத்தில் போனவர், திரும்பி வரவில்லை. தேடினார்கள். எங்கள் எல்லைக்குள் முழுவதும் தேடியாயிற்று என்று கோப்பில் குறிப்பு இருக்கிறது. குறிப்பை எழுதியதும் நான்தான்.

தொபியாஸை ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒரு ஞாயிறு பூசையில் சாமியார் 'உட்காருங்கள்' என்று சொல்ல மறந்துவிட்டார். மற்றவர்கள் தாமாகவே உட்கார்ந்தார்கள். தொபியாஸ் கடைசி ஆசீர்வாதம் முடிந்தும் நின்றார். திங்கட்கிழமை காலை கோவில் திறக்க வந்த பணியாளர் கோவில்பிள்ளை போய்ச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

செயல் அலுவலர் சௌந்தரவல்லி மேடமும் நானும் படிவத்தோடு பிரகாசியின் வீட்டுக்குப் போனோம். மேடம் தருமபுரிப் பக்கத்துக்காரர். கடல் இல்லாத ஊரில் பத்து ஆண்டுகள் வேலை பார்த்தவர். அங்கே இந்த வேலையே கிடையாது என்று அடிக்கடி சொல்வார். பிரகாசி வாசலில் சாளைக் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துப் போட்டுட்டா வேலை தொடங்கிடும்மா," என்றார் மேடம்.

"போடுதேன் மேடம். போட்டா என்ன ஆகும்? அவுக கடல்ல இல்லன்னு ஆகும். கடல்ல இல்லன்னா வீட்ல இருக்காகன்னுதான அர்த்தம்? நாளைக்கி ஒரு ஆள் வந்து தொபியாசு எங்கன்னு கேட்டா நான் யாரக் காட்ட? இந்தக் கருவாட்டயா?"

"அப்படி யாரும் கேட்க மாட்டாங்க."

"அதத்தான் நானும் சொல்லுதேன். வீட்ல இருக்க மனுசன எவன் தேடுவான்?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் படிவத்தைப் பார்த்தேன். அதில் அந்த ஒரு வரியையும் கையெழுத்தையும் தவிர வேறெதற்கும் இடம் இல்லை.

"எம்புட்டு நாள் இருக்கு சார்?" என்று பிரகாசி என்னிடம் கேட்டார்.

"வைகாசி முப்பது வரைக்கும். அதுக்கு அப்புறம் தலைவர் சிறப்பு அதிகாரத்துல கட்டிடலாம்."

"கட்டிட்டா அவுக வர முடியாது."

"முடியாது."

"அப்பம் கட்டக் கூடாது," என்றார் பிரகாசி. "அது தொய்ஞ்சது எங்க வீட்டுக்கு நேரா. வேற யார் வீட்டுக்கு நேராவும் இல்ல. போயிப் பாத்துட்டு வந்து பேசுங்க. பாக்கப் போற ஆளுட்ட ஒண்ணு சொல்லி விடுங்க: எந் தூக்குச்சட்டியத்தான் கொண்டுபோனாக. எவர்சில்வரு. மூடில கோழி படம் போட்டிருக்கும்."

தூக்குச்சட்டி விவரத்தை நான் குறித்துக்கொண்டேன்.

எங்கள் ஊர்ப் படகுகள் தொடுவானம் வரை போவதில்லை. அதற்குள்ளேயே மீன் கிடைத்துவிடும். எனவே குழாய் ஃபிட்டர் சுடலைமணியை அனுப்பினோம். தொடுவானத்துக்குத் தனியாகப் பணியிடம் இல்லாததால் அதைக் குழாய் ஃபிட்டரே பார்த்துவருகிறார். அவர் ஸ்பேனர், அளவு நாடா, ஒரு டஜன் வாழைப்பழம் ஆகியவற்றோடு ஃபைபர் படகில் கிளம்பி மறுநாள் மதியம் திரும்பினார். அவருடைய அறிக்கை, குளோரின் வாங்கிய சீட்டின் பின்பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. முழுவதும் தருகிறேன்:

'ஒன்பதாம் வார்டுக்கு நேராகத் தொடுவானத்தில் ஒரு வள்ளம் கட்டப்பட்டுள்ளது. எடை அதனால்தான். வள்ளத்தில் ஒருவர் இருக்கிறார். நலம். டீ கொடுத்தார்.'

மாலையில் பேரூராட்சித் தலைவர் வின்சிலாஸின் அறையில் கூடினோம். பிரகாசியையும் வரச் சொல்லியிருந்தோம். அவர் நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் நின்றார்.

"ஏல சுடல, ஆளக் கூட்டிட்டு வர வேண்டியதுதான?" என்றார் தலைவர்.

"கூப்புட்டேன் தலைவரே. 'மறு அறிவிப்பு வந்துட்டா'ன்னு கேட்டாரு. எனக்குத் தெரியாதுன்னேன். 'அப்பம் நீ போ, அது வந்ததும் நான் வாரேன்'னுட்டாரு."

"என்ன அறிவிப்பு?"

"ஆடி மாசம் படகுத்துறைல வேலை நடந்துதுல்லா. அப்பம் ஆட்டோல சொன்னாகளாம், மறு அறிவிப்பு வரும் வரை படகுகள் துறைக்கு வர வேண்டாம்னு. அவரு மீனோட வந்துக்கிட்டு இருந்திருக்காரு. கேட்டதும் திரும்பிட்டாரு. அங்கன நங்கூரம் எட்டாத ஆழம். அதான் கயித்தத் தொடுவானத்துல போட்டுருக்காரு."

தொடுவானத்தில் படகு கட்டக் கூடாது என்று எங்களிடம் விதி இல்லை. இருந்திருந்தால் அவர் கட்டியிருக்க மாட்டார்.

"டீத்தூள் ஏதுவே அவனுக்கு, பத்து மாசமா?"

"அந்தப் பக்கத்து ஊர்க்காரங்க குடுப்பாங்களாம். நல்ல மாதிரியாம். பேச்சுத்தான் புரியலயாம்."

பிரகாசி சுவரோரத்திலிருந்து ஓரடி முன்னால் வந்தார். "சட்டி இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"இருக்கு மைனி. அதுலதான் டீ போட்டாரு."

"அது இருக்கட்டும்," என்று பிரகாசி என் பக்கம் திரும்பினார். "மறு அறிவிப்பு எங்க சார்?"

இதைப் பற்றிச் சில வரிகள் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் 'மறு அறிவிப்பு வரும் வரை' என்று எழுதுவது, கடிதத்தின் முடிவில் 'தங்கள் உண்மையுள்ள' என்று எழுதுவது போன்றது. அதற்குக் கீழே இருப்பவர் உண்மையுள்ளவரா என்று எவரும் விசாரிப்பதில்லை. படகுத்துறை வேலை ஆறு நாளில் முடிந்தது. ஏழாம் நாள் எல்லோரும் தாமாகவே துறைக்கு வந்துவிட்டார்கள். நான் மறு அறிவிப்பைத் தயாரித்து, தேதி போட்டு, மேசையின் இரண்டாவது இழுப்பறையில் வைத்தேன். எல்லோரும் வந்துவிட்ட துறைக்கு எல்லோரையும் வரச் சொல்லி அறிவிப்பது நடைக்கு அழகல்ல என்று அப்போது தோன்றியது.

இழுப்பறையைத் திறந்து எடுத்துக்கொண்டு வந்தேன். காகிதம் சற்று மஞ்சளாகியிருந்தது. பிழை எதுவும் இல்லை.

மேடம் படித்துவிட்டு, "இதைப் போன ஆடித் தேதியிலேயே வெளியிடலாமா, இன்னைக்குத் தேதி போடணுமா?" என்றார்.

"இன்னைக்குத் தேதி போடுங்க," என்றார் தலைவர். "பிரச்சினையே இல்ல."

"இருக்கு சார். இன்னைக்குத்தான் துறை திறக்குதுன்னா, பத்து மாசமா துறைக்கு வந்தவங்க எல்லாரும் அறிவிப்பை மீறி வந்தவங்க. நூத்துப் பன்னெண்டு வள்ளத்தையும் திருப்பி அனுப்பிட்டு, மறுபடியும் வரச் சொல்லணும்."

தலைவருடைய இரண்டு வள்ளங்களும் அந்த நூற்றுப் பன்னிரண்டில் இருந்தன. அவர் சற்று யோசித்தார். "அப்பம் பழைய தேதியே இருக்கட்டும்."

"இருந்தா அவுக பத்து மாசம் தாமதம்னு ஆயிரும்லா?" என்றார் பிரகாசி.

"ஒரு எழுத்துல என்ன பிரகாசி..." என்றார் தலைவர்.

"அவுக தாமதமா வந்தவுகன்னு ஆட்டோல ஊரெல்லாம் கேக்கணுமா? கலியாணத்துக்கே அவுக மூணு மணி நேரம் முன்னாடி வந்து கோவில் கதவு தொறக்கக் காத்துக் கெடந்தாக. அப்படி வாசிச்சா அவுக வர மாட்டாக. அங்கனயே இருந்துருவாக. நீங்க இழுத்துக் கட்டிட்டுப் போயிருவீக. நான் இங்கன இருந்து என்ன செய்ய?"

அன்று வைகாசி இருபத்தொன்பது.

நான் பேனாவை எடுத்து, பழைய தேதியை அப்படியே விட்டு, அறிவிப்பின் கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'இவ்வறிவிப்பை வெளியிடுவதில் ஏற்பட்ட பத்து மாதத் தாமதம் இவ்வலுவலகத்தையே சாரும், துறைக்கு வருவோரைச் சாராது.' இப்படி ஒரு வரி எங்கள் அலுவலகக் கோப்புகளில் இதற்கு முன் இல்லை. தலைவர் படித்துவிட்டு, "இதுல யாரு கையெழுத்து?" என்று கேட்டார். நான் போட்டேன். மேடம் அதன்கீழே 'பார்த்தேன்' என்று எழுதினார்.

மறுநாள் காலை மேல்காற்று நன்றாக வீசியது. கரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று அது, அறிவிப்புகளுக்கு ஏற்றது. ஆட்டோவைப் படகுத்துறையின் விளிம்பில் நிறுத்தி, ஒலிபெருக்கியைத் தொடுவானத்தின் பக்கம் திருப்பினோம். காற்புள்ளிகளில் நிறுத்தி, மூன்று முறை வாசித்தேன். தாமதம் பற்றிய வரியை நான்காவது முறையும் வாசித்தேன்.

"குடுங்க சார்," என்று பிரகாசி மைக்கை வாங்கினார். அதற்கு அனுமதி இல்லை. ஆனால் அனுமதி இல்லை என்றும் எங்கும் எழுதப்படவில்லை.

"ஏங்க, கேக்குதா? அறிவிப்பு வந்துட்டு. துறை தொறந்தாச்சு. தப்பு ஆபீசு மேலன்னு எழுதிக் குடுத்துட்டாக. சட்டியக் கழுவிட்டுக் கொண்டாங்க."

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் துறையின் கல்லில் உட்கார்ந்தார். ஒன்பதாம் வார்டு முழுவதும் பின்னால் நின்றது. நான்காம் வார்டிலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். பதினோரு நிமிடத்தைப் பற்றிக் கேட்பதற்காக.

பிற்பகல் இரண்டரை மணிக்கு வள்ளம் தெரிந்தது. கரைப்பக்கம் திரும்பியிருந்த காற்றில் பாய் விரித்து மெதுவாக வந்தது. வழக்கத்தைவிட மிக மெதுவாக. மூன்றேகாலுக்குத் துறையில் அணைந்தது. தொபியாஸ் இறங்கவில்லை. நான் போய், "இறங்கலாம்," என்றேன். இறங்கினார். தாடி வளர்ந்திருந்தது, சட்டை அதே சட்டை.

பிரகாசி எழுந்து வந்து தூக்குச்சட்டியை வாங்கி, மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார்.

"அடி பிடிச்சிருக்கு."

"டீத்தூள் அந்தூருத் தூளு," என்றார் தொபியாஸ்.

"வீட்டுக்கு வாங்க."

"வாரேன்."

சுடலைமணிதான் அதை முதலில் பார்த்தார். வள்ளத்தின் பின்பக்கம் கட்டியிருந்த கயிறு அவிழ்க்கப்படாமல் அப்படியே இருந்தது. அறிவிப்பில் துறைக்கு வரச் சொல்லியிருந்தேன். கயிற்றை அவிழ்க்கச் சொல்லியிருக்கவில்லை. தொடுவானம் வள்ளத்தோடு வந்து, படகுத்துறையின் கல்லை ஒட்டி, இடுப்புயரத்தில் நின்றது. இப்போது நடுவில் தொய்வு இல்லை. சுடலைமணி விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "நல்ல விறைப்பா இருக்கு மேடம். இனி இழுத்துக் கட்ட வேண்டாம்," என்றார். பணி முடிந்ததாகக் கோப்பில் எழுதினேன். பிரகாசியின் படிவமும் அன்று மாலையே வந்துவிட்டது. கையெழுத்துக்குக் கீழே, கேட்காமலேயே, 'வீட்டில் இருக்கிறார்' என்று எழுதியிருந்தார்.

துறையிலிருந்து திரும்பியதுமே, அந்தப் படிவம் வருவதற்கு முன், மேடம் சொன்னபடி அடுத்த அறிவிப்பைத் தயாரித்தேன்: 'சூரியன் உதிக்கும் நேரத்தில் பொதுமக்கள் படகுத்துறையில் வலை உலர்த்த வேண்டாம்.' பழக்கத்தில் முன்னால் 'மறு அறிவிப்பு வரும் வரை' என்று எழுதிவிட்டேன். சன்னல் வழியே பார்த்தபோது, வீட்டுக்குப் போகும் வழியில் தொபியாஸ் எங்கள் அறிவிப்புப் பலகையின் முன் நின்று, முதல் தாளிலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தார். அந்த நான்கு சொற்களை அடித்துவிட்டு 'ஆனி முப்பது வரை' என்று திருத்தினேன்.

மறுநாள் காலை துறைக்குப் போனேன். தொபியாஸின் ஈரத் துண்டையும் சட்டையையும் பிரகாசி தொடுவானத்தில் காயப் போட்டிருந்தார். ஐந்து நாற்பத்தொன்பதுக்குச் சூரியன் வந்தது. பக்கத்தில் நின்றிருந்த பிரகாசி துண்டை ஒரு பக்கமாகத் தள்ளி வழிவிட்டார்.