மூன்று படிகள்

வாசலில் டிரில்லிங் மெஷின் அலறியது. ரஷ்மியின் கையிலிருந்த காபி தளும்பி மடியில் சிந்தியது. சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வாசலுக்கு விரைந்தாள்.

அப்பா பழனிவேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் நாற்காலி ஏறி இறங்கும் சரிவுப் பலகையான ரேம்ப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஆறு திருகாணிகளில் இரண்டு கழன்றுவிட்டன.

"என்னப்பா பண்றீங்க?"

பதில் அம்மா ஆனந்தவல்லியிடமிருந்து வந்தது. "ரெண்டு மணி நேரம்தாண்டி. உன் தங்கச்சியைப் பொண்ணு பார்க்க வர்றவங்க, வாசல்லயே இதைப் பார்த்தா வீட்டுல யாருக்கு என்னன்னு கேக்க மாட்டாங்களா? நீ ரூம்லயே இரு. கேசரி கொண்டாந்து தர்றேன்."

"அவங்ககிட்ட என்ன சொல்லியிருக்கீங்க?"

"ஒரே பொண்ணுன்னு," என்றார் அப்பா, திருகாணியைப் பார்த்தபடி.

ரஷ்மிக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்பாக இருந்தது. மாசியில் இந்த வாடகை வீட்டுக்கு வந்த புதிதில், இந்த மூன்று படிகளை இறங்க அப்பாதான் அவளைத் தூக்க வேண்டியிருந்தது. ரேம்ப் வைத்தால் வீட்டின் அழகு கெடும் என்றார் வீட்டுக்காரர். எட்டு மாதம் கடிதம் எழுதினாள். மாற்றுத்திறனாளிக்கு வழியை மறுப்பது பாகுபாடு என்று புகார் கொடுத்து, சமரசக் கூட்டத்தில் தனியாகப் பேசி ஜெயித்தாள். அன்று கோயிலில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தவர் இதே அப்பாதான்.

பட்டுப்புடவையில் தங்கை மஹதி வந்து நின்றாள். "சாரிக்கா. இன்னிக்கு மட்டும், ப்ளீஸ்."

ரஷ்மி அவளை ஒரு கணம் பார்த்தாள். "மெஷினை நிறுத்துங்கப்பா. நான் இறங்கிக்கறேன்."

"லைப்ரரிக்கா? அதுவும் நல்லதுதான்," என்றாள் அம்மா நிம்மதியாக. "அஞ்சு மணிக்கு மேல வா."

ரஷ்மி இறங்கினாள். அப்பா மிச்சத்தையும் கழற்றி, ரேம்ப்பை கராஜுக்குள் இழுத்துப்போட்டுக் கதவைச் சாத்தினார்.

அவள் லைப்ரரிக்குப் போகவில்லை. தபால் பெட்டி அருகே பிரேக்கைப் போட்டு நின்றுவிட்டாள்.

"ஏய், போடி!" ஜன்னலில் அம்மா பல்லைக் கடித்தாள். அப்பா படியிறங்கி ஓடிவருவதற்குள், ப்ளாக்ஹவுஸ் பே என்ற புறநகரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டுக் கார் வாசலில் நின்றது. பழத்தட்டுடன் இறங்கினாள் மாப்பிள்ளையின் அம்மா.

"ஏம்மா, வெயில்ல உக்காந்திருக்கியே, நீ யாரு? உள்ள போகலையா?"

"இந்த வீட்டு மூத்த பொண்ணுங்க நான். நீங்க போங்க. நான் போற வழியை இப்பதான் கழட்டி கராஜ்ல வெச்சாங்க."